4 இன்ச் கிரைண்டர்ல மரம் அறுக்கற பிளேடு போடலாமுங்களா?

தோட்டத்துச்சாளை (காங்கேயம்):
எல்லாத்துக்கும் வணக்கமுங்க. ஊட்டுக்குப் பொறத்தால பழைய கட்டுத்தரை ஒண்ணு சும்மா கெடக்குது, அதுல சின்னதா ஒர்க்‌ஷாப் மாதிரி போட்டு வெச்சிருக்கறனுங்க. ஒரு 4 இன்ச் கிரைண்டர், ஒரு ஹேமர் டிரில்லு, பெஞ்ச் வைஸ், அவ்வளவுதான் சொத்து. அப்பாரு காலத்து ஓட்டு ஊட்டப் பிரிச்சப்ப எடுத்து வெச்ச தேக்குச் சட்டம் நெறைய இருக்குது, அதுல ஒரு பெஞ்சும் ரெண்டு கோக்காலியும் பண்ணலாம்னு ரோசனை. மில்லுல கொண்டுபோயி கேட்டா ஆணி அடிச்ச மரமெல்லாம் அறுக்க மாட்டோம், பேண்ட்சா பிளேடு போயிரும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அப்பறம் ஹார்டுவேர் கடைல கேட்டதுக்கு 4 இன்ச்சுல மரம் அறுக்கற பிளேடு, பல்லு நுனில கார்பைடு வெச்சது, அதக் குடுத்து இதையே கிரைண்டர்ல மாட்டிக்கங்க எல்லாரும் அப்படித்தான் பண்றாங்கன்னு சொன்னாங்க. மாட்டிப் பாத்தா பிளேட மூடற தகடு, அந்த கார்டு இடிக்குது, கார்ட கழட்டுனாத்தான் உக்காருது. இன்னும் ஓட்டிப் பாக்கலீங்க. கழட்டீட்டு ஓட்டலாமுங்களா, இல்ல வேற வழி இருக்குதுங்களா?

காட்டூர் லேத்:
தம்பி, அந்த பிளேட மொதல்ல கழட்டி அக்கட்ட வைங்க. பொழுதோட வந்து வெவரமா எழுதறேன், ஷாப்புல இருக்கேன்.

மரவேலைக்காரன் (உடுமலை):
ஏனுங்க இப்படி பயமுறுத்தறீங்க. நாங்க சைட்டுல தெனமும் மார்பிள் கட்டர்ல மர பிளேடு போட்டுத்தான் பிளைவுட் அறுக்கறோம், மரம் அறுக்கறதுக்குன்னே வட்ட பிளேடு வெச்சு வர்ற சர்க்குலர் சா யாருகிட்ட இருக்குது சொல்லுங்க. நல்லா இறுக்கிப் புடிச்சா ஒண்ணும் ஆகாது. ஆர்பிஎம், அதாவது நிமிசத்துக்கு சுத்தற சுத்து, எச்சா இருக்கறதால கட்டிங்கும் நைசா வரும்.

கோபி அம்மிணி:
மார்பிள் கட்டருக்கு அடில தட்டு இருக்குமேங்க, மரத்து மேல உக்காந்து போகும். கிரைண்டருக்கு என்ன இருக்குது, அந்தரத்துல கைலதான புடிக்கோணும். ரெண்டும் ஒண்ணுங்களா?

காட்டூர் லேத்:
அம்மிணி கேட்டதுதான் சரியான கேள்வி. அதுலருந்தே ஆரம்பிக்கறேன்.

எல்லாரும் சொல்றது என்னன்னா கிரைண்டர் ஆர்பிஎம் 11,000, சர்க்குலர் சா 5,000 சொச்சம், அதனால கிரைண்டர் டேஞ்சர்னு. கணக்குப் போட்டுப் பாருங்க. 100 மில்லிமீட்டர் பிளேடு 11,000ல சுத்துனா விளிம்பு வேகம் செகண்டுக்கு 57 மீட்டர் சில்லறை, மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல. 7 இன்ச் சொச்சம் இருக்கற சர்க்குலர் சா பிளேடு பெருசுங்கறதால 5,500ல சுத்துனாலும் 53 மீட்டர் வந்துருது. ஆக, பல்லு ஓடற வேகம் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். வித்தியாசம் வேற எடத்துல இருக்குது.

கட்டிங் டிஸ்க்குக்குப் பல்லு கெடையாது. அது தேச்சுத் தேச்சுத்தான் இரும்ப அறுக்குது, மாட்டுச்சுன்னா நின்னு போகும், ஒடையும், சில சமயம் அதுவும் எகிறும். பல்லு வெச்ச பிளேடு அதவிட மோசம், மரத்துல கடிக்கும். தேக்குல ஒரு முடிச்சு வந்தாலோ உள்ள ஒரு ஆணி இருந்தாலோ, இல்ல அறுத்த வாயி சித்த மூடுனாலோ, பல்லு அந்த எடத்தப் புடிச்சு ஏறி மெஷின மொத்தமா தூக்கி எறியும். எந்தப் பக்கம் எறியும்னா நீங்க நிக்கற பக்கம், தொடை, வயிறு, மூஞ்சி. சர்க்குலர் சால இதுக்குத்தான் அகலமான பேஸ் பிளேட்டு, ஸ்பிரிங்குல தானா மூடற கீழ் கார்டு எல்லாம் வெச்சிருக்கான், கையெடுத்தா சுவிட்ச்சும் ஆஃப். கிரைண்டர்ல இதுல ஒண்ணுமே இல்ல, இருக்கற ஒரு கார்டையும் கழட்டறீங்க. சுவிட்ச் வேற தள்ளுனா லாக் ஆகிற வகையா இருந்தா, கைய விட்டு எகிறுனதுக்கு அப்பறமும் சுத்திக்கிட்டேதான் இருக்கும்.

இறுக்கிப் புடிச்சா போதும்னு உடுமலைக்காரர் சொல்றாரு. இப்படி மெஷின் எகிறி அடிக்கறதத்தான் கிக்பேக்குங்கறது, அது வர்ற நேரம் நம்ம கை உஷாராகற நேரத்த விட கம்மிங்க, அது வந்து முடிஞ்ச பின்னாடிதான் இறுக்குவீங்க.

இன்னொண்ணு. 4 இன்ச் பிளேடு எவ்வளவு ஆழம் போகும்? கியர் பாக்ஸ் இடிச்சது போக ஒரு இன்ச் போனா பெருசு. ஓட்டு ஊட்டுச் சட்டம் எப்படியும் ரெண்டு இன்ச்சுக்குக் கொறையாது, அப்ப ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பி அறுக்கோணும், கோடு ஒண்ணு சேராது. பயத்த வுடுங்க, வேலையே சுத்தமா வராது.

மரவேலைக்காரன் (உடுமலை):
கணக்கெல்லாம் சரிங்ணா, ஒத்துக்கறேன், கிரைண்டர்ல நானும் மாட்ட மாட்டேன். நான் சொன்னது மார்பிள் கட்டர். அதுலயும் பிளைவுட் அறுக்கறப்ப பின்னாடி நின்னு அறுக்கறதில்ல, சைடுல ஒதுங்கித்தான் நிப்போம். ஆனா ஒண்ணு உண்மை, அதக் கவுத்துப் போட்டு பலகைக்கு அடில மாட்டி டேபிள் சா மாதிரி ஓட்டறவங்கள நானே பாத்திருக்கேன், சுவிட்ச்ச கயித்துல கட்டி வெச்சிருப்பாங்க, அது தப்புதான்.

சிங்காநல்லூர் மோட்டார்:
பிளேடு நடு ஓட்டையும் பாருங்க தம்பி. 4 இன்ச் கிரைண்டருக்கு 16 மில்லிமீட்டர், மார்பிள் கட்டர் பிளேடுக்கு 20. கடைல ஒரு வளையம் போட்டுக் குடுப்பாங்க. அந்த வளையம் லூசா இருந்தா பிளேடு நடு தப்பி ஆடும், ஆடுன பிளேடு கடிக்கறதுக்குக் கேக்கவே வேண்டாம். அப்பறம் 7 இன்ச் டிஸ்க்கு தேஞ்சு சிறுசானத எடுத்து சின்ன கிரைண்டர்ல வளையம் போட்டு மாட்டறாங்க பாருங்க, அது அதவிட மோசம். கட்டிங் டிஸ்க்கு மேல செகண்டுக்கு 80 மீட்டர்னு போட்டிருக்கும், அதுக்கு 7 இன்ச்சுல 8,500 ஆர்பிஎம் தான் லிமிட்டு. அந்த மாதிரி டிஸ்க்க 11,000ல சுத்த வெச்சா என்ன அர்த்தம், பிரிண்ட் பண்ணுன நம்பர் எதுக்கு இருக்குது.

டிஸ்க்குக்கு எக்ஸ்பயரியும் உண்டுங்க, நெறைய பேருக்குத் தெரியாது. நடுவுல இருக்கற இரும்பு வளையத்துல மாசமும் வருசமும் அடிச்சிருக்கும். ரெசின் போட்டு ஒட்டுனது, ஈரம் பட்டா பலம் போயிரும். மூணு வருசம்தான் கணக்கு. கட்டுத்தரைல மழைச் சாரல் அடிக்கற எடத்துல ஆணில மாட்டி வெச்சிருந்தீங்கன்னா அத எடுத்து வீசிருங்க, ஒண்ணு முப்பது நாப்பது ரூவாதான்.

கரண்ட்டுக்காரன் (பெருந்துறை):
எல்லாரும் பிளேடப் பத்தியே பேசறீங்க. கட்டுத்தரைல கரண்ட்டு எங்கிருந்து எடுத்திருக்கீங்க தம்பி? ஊட்டுலருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்தா, இல்ல மோட்டார் ரூம்லருந்தா?

தோட்டத்துச்சாளை (காங்கேயம்):
ஊட்டுலருந்துதானுங்ணா, ஒயர் சுத்தி வெச்ச டிரம்மு ஒண்ணு இருக்குது, அதுல. மெயின்ல எம்சிபி இருக்குதுங்க.

கரண்ட்டுக்காரன் (பெருந்துறை):
எம்சிபி உங்களக் காப்பாத்தாதுங்க, ஒயரத்தான் காப்பாத்தும். 16 ஆம்ப் எம்சிபி 16 ஆம்புக்கு மேல போனாத்தான் விழும், ஆளக் கொல்றதுக்கு அதுல நூத்துல ஒரு பங்கு கூட வேண்டாம். ஆளுக்குன்னு இருக்கறது ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்ப் வகை. ஃபேஸ்ல போற கரண்ட்டும் நியூட்ரல்ல திரும்பற கரண்ட்டும் ஒண்ணா இருக்குதான்னு பாத்துக்கிட்டே இருக்கும், உங்க மேல வழியா மண்ணுக்குப் போனா வித்தியாசம் தெரிஞ்சு விழுந்துரும். ஆனா ஃபேஸ் ஒரு கைலயும் நியூட்ரல் ஒரு கைலயும் புடிச்சீங்கன்னா அதுக்குத் தெரியாது, அதனால ஆர்சிசிபி இருக்குதுன்னு தெனாவெட்டு வேண்டாம். அதுல டெஸ்ட் பட்டன் இருக்கும், மாசம் ஒருக்கா அமுக்கிப் பாருங்க, விழலைன்னா மாத்துங்க.

கிரைண்டர் பேர் பிளேட்டுல சதுரத்துக்குள்ள சதுரம் போட்டிருந்தா டபுள் இன்சுலேஷன், ரெண்டு பின்னுதான் வரும், எர்த் வேண்டியதில்ல. மூணு பின்னு வந்திருந்தா எர்த் கண்டிப்பா வேணும், சாக்கெட்டுல ஏறலைன்னு அந்தப் பெரிய பின்ன ஒடிச்சு வுடறவங்க இருக்கறாங்க. காங்கேயம், தாராபுரம் பக்கமெல்லாம் சித்திரை வைகாசில மண்ணு காஞ்சு எர்த் குழி செத்துக் கெடக்கும், வாரம் ரெண்டு கொடம் தண்ணி ஊத்துங்க. டிரம்மு ஒயர முழுசா இழுத்து வுட்டுட்டு ஓட்டுங்க, சுத்துன வாக்குலயே லோடு குடுத்தா சூடு வெளிய போகாம இன்சுலேஷன் உருகும்.

இதுல நான் பெருசா நெனைக்கறது கரண்ட் போயி வர்றது. போர் மோட்டார் ஸ்டார்ட்டர்ல கரண்ட் போனா காயில் விட்டுரும், திரும்ப வந்தாலும் பச்சப் பட்டன அமுக்குனாத்தான் ஓடும், தோட்டத்துக்காரர் எல்லாருக்கும் தெரியும். நம்ம சின்ன கிரைண்டர்ல பெரும்பாலும் அந்த ஏற்பாடு இல்ல. பாதி அறுக்கறப்ப கரண்ட் போச்சு, சுவிட்ச் லாக்லயே இருக்குது, கீழ வெச்சுட்டு டீ குடிக்கப் போறீங்க. கரண்ட் வந்ததும் அது தானா சுத்த ஆரம்பிச்சு தரைல ஓடும். எங்க சைட்டுல ஒருத்தருக்கு இப்படித்தான் கணுக்கால்ல ஏறிருச்சு, அவரு கிரைண்டரத் தொடக்கூட இல்ல, ஓரமா நின்னு பழமை பேசிட்டிருந்தவரு. கரண்ட் போனா மொதல்ல சுவிட்ச் ஆஃப், அப்பறம் பிளக்க புடுங்கு. வாங்கறப்பவே கரண்ட் வந்தாலும் தானா ஸ்டார்ட் ஆகாத மாடலா, கைய எடுத்தா நிக்கற பேடில் சுவிட்ச்சான்னு கேட்டு வாங்குனா இன்னும் நல்லது, வெல எச்சு ஆகும்.

கோபி அம்மிணி:
இது நெம்ப முக்கியமுங்க. எங்க ஊட்டுல குட்டிப்பையன் இருக்கறான், பிளக்க புடுங்கி ஒயரச் சுருட்டி மேல அட்டாலில வெச்சாத்தான் எனக்கு நிம்மதி.

நான் டிரில்லும் ஜிக்சாவும் ஓட்டுவேன், அலமாரி ரெண்டு பண்ணிருக்கேன். யாரும் பொம்பளைங்களுக்குன்னு சொல்றதில்ல, நானே சொல்றேன். சடைய கொண்டை போட்டு துணி கட்டிக்கங்க, துப்பட்டா வேண்டாம், தாலிக்கொடி வெளிய தொங்கக் கூடாது. வளையல் வேண்டாம். ஆம்பளைங்களும் கைல சாமி கயிறு, கழுத்துல துண்டு, இடுப்புல வேட்டி, கால்ல ரப்பர் செருப்புன்னு நிக்கறாங்க, அதுக்கு யாரு சொல்றது.

சிங்காநல்லூர் மோட்டார்:
ஆயுத பூசைக்கு மெஷினுக்குப் பொட்டு வெச்சு மாலை போட்டு சூடம் காட்டறோம், கார்டு மட்டும் பழைய இரும்புல கெடக்குது.

நூல் கம்பெனி (திருப்பூர்):
கிளவுஸ் போடலாமா வேண்டாமா? எங்க பக்கம் நூல் கிளவுஸ் சல்லிசா கெடைக்குது, எல்லாரும் அதத்தான் போட்டுட்டு கிரைண்டர் ஓட்டறாங்க.

மரவேலைக்காரன் (உடுமலை):
கண்டிப்பா போடோணும், தீப்பொறி கைல படுதே.

காட்டூர் லேத்:
மெஷினப் பொறுத்துங்க. லேத், பெஞ்ச் டிரில், டேபிள் சா இதுக்கெல்லாம் கிளவுஸே கூடாது. சுத்தறதுல ஒரு நூல் மாட்டுனா வெரல சுத்தி இழுத்துக்கிட்டு போயிரும், வெறும் தோலா இருந்தா கிழிஞ்சதோட தப்பிச்சிருக்கலாம். எங்க ஷாப்புல புதுசா வர்ற பையனுக்கு மொத நாளே சொல்றது இதுதான், முழுக்கை சட்டைய மடிக்காத, பட்டன் போடு, கிளவுஸ கழட்டு. கைல புடிச்சு ஓட்டற கிரைண்டருக்கு மட்டும் கைக்கு ஒட்டுன தோல் கிளவுஸ் போடலாம், ரெண்டு கையும் கைப்பிடிலதான இருக்குது. நூல் கிளவுஸ் எதுக்குமே ஆகாது, பிரியும், தீப்பொறி பட்டா உள்ள போயி சுடும்.

சைடு கைப்பிடிய மாட்டாம ஓட்டறது இன்னொரு கெட்ட பழக்கம். அப்பறம் 1 மில்லிமீட்டர் கட்டிங் டிஸ்க்க படுக்க வெச்சு தேய்க்காதீங்க, அது நேர் அறுப்புக்கு மட்டும்தான், தேய்க்கறதுக்கு 6 மில்லிமீட்டர் டிஸ்க்கு தனியா இருக்குது. பைப்ப ரெண்டு பக்கமும் முட்டுக் குடுத்து நடுவுல அறுத்தா கடைசில பைப்பு உள்ள தொங்கி டிஸ்க்க புடிக்கும், ஒரு பக்கம் முட்டுக் குடுத்து, வெட்டு விழுகற பக்கத்தத் தொங்க விட்டு அறுங்க, வாய் தொறந்துக்கும்.

பார்வை (கோயமுத்தூர்):
கண் ஆஸ்பத்திரில வேலை பாக்கறேன். திங்கக்கிழமை காலைல ஓபில லேத்து, வெல்டிங், கிரைண்டிங் ஆளுங்க வரிசையா உக்காந்திருப்பாங்க, முக்காவாசிப் பேரு ஞாயித்துக்கிழமை ஊட்டுல இரும்பு கேட்ட அறுத்தேங்க கம்பி அறுத்தேங்கன்னுதான் சொல்லுவாங்க. பவர் கண்ணாடி போட்டிருந்தேன்னு சொல்றாங்க, அது பாதுகாப்பு கண்ணாடி இல்லீங்க, சைடு தொறந்து கெடக்குது. பக்கவாட்டுல மூடுன பாலிகார்பனேட் கண்ணாடி போடுங்க, கிரைண்டருக்கு அதுக்கு மேல ஃபேஸ் ஷீல்டும் போடுங்க, ஷீல்டு மட்டும் போட்டா கீழ வழியா தூசி வரும்.

கண்ணுல இரும்புத் துண்டு விழுந்துருச்சுன்னா கசக்காதீங்க. பக்கத்து லேத்துல இருக்கறவரு காந்தத்த காட்டி எடுத்துருவாரு, வேட்டி நுனிய முறுக்கி எடுத்துருவாருன்னு போகாதீங்க. இரும்பு கருவிழில ஒரு நாள் இருந்தாலே சுத்தி துரு வளையம் கட்டிக்கும், அத தனியா சுரண்டி எடுக்கோணும். வேகமா வந்த துண்டு உள்ளயே துளைச்சுப் போயிருந்தா வெளிய காயம் ஊசி குத்துனாப்புலதான் தெரியும், வலியும் கம்மியா இருக்கும், பார்வை மட்டும் மங்கும். அப்ப தண்ணி அடிச்சுக் கழுவறதோ அமுக்கறதோ கூடாது, பேப்பர் கப்ப மேல கவுத்து ஒட்டிட்டு நேரா ஆஸ்பத்திரி. என்னைக்காவது கண்ணுல இரும்பு பட்டிருந்தா பின்னாடி எம்ஆர்ஐ எடுக்கறப்ப அதச் சொல்லீருங்க, உள்ள துணுக்கு இருந்தா காந்தத்துல நகரும்.

காதுக்கும் சொல்லிர்றேன், 85 டெசிபல் 8 மணி நேரம் தாங்கும்னா ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், கிரைண்டர் இரும்பு அறுக்கறப்ப 100 ஒட்டி வரும், அது வெறும் கால் மணி நேரம். பஞ்சு வெக்கறது பத்தாது, நுரை இயர் பிளக் பத்து ரூவாக்கு கெடைக்குது.

நூல் கம்பெனி (திருப்பூர்):
மாஸ்க்?

பார்வை (கோயமுத்தூர்):
என்95. மரத்தூள், கிரானைட்டு டைல்ஸ் அறுக்கற தூள்ல இருக்கற சிலிக்கா, ரெண்டுமே கேன்சர் வர வெக்கும்னு உலக அளவுல உறுதி பண்ணுன லிஸ்ட்டுல இருக்குது. துண்ட மூக்குல கட்டறதுல பெரிய தூள்தான் நிக்கும், உள்ள எறங்கற பொடித்தூள் நிக்காது.

பொள்ளாச்சி தேங்காய்:
தீயப் பத்தி யாரும் சொல்லலையேங்க. கட்டுத்தரைன்னா வைக்கப்போரும் தென்னஓலையும் பக்கத்துலதான கெடக்கும். கிரைண்டர் பொறி நாம நெனைக்கறத விட தூரம் போகும். எங்க பக்கம் தென்னை நார்க் கழிவுல பொறி விழுந்தா உடனே எரியாது, உள்ளுக்குள்ளயே கனிஞ்சு கனிஞ்சு ராத்திரி எந்திரிக்கும். வேலை முடிஞ்சு ஒரு மணி நேரம் அங்கயே இருந்து பாருங்க, ஒரு குண்டா தண்ணியும் மணலும் பக்கத்துல வைங்க. மரத்துக்கு லின்சீடு ஆயில் பூசுன துணிய சுருட்டிப் போட்டா நெருப்பே இல்லாம தானா சூடேறி பத்திக்கும், விரிச்சு வெளிய காயப் போடுங்க.

தோட்டத்துச்சாளை (காங்கேயம்):
எல்லாத்துக்கும் நெம்ப நன்றிங்க. வெசனமாத்தான் இருக்குது இதயெல்லாம் படிச்சா, ஆனா தெரிஞ்சுக்கிட்டது நல்லதுதான். வைக்கப்போர் பக்கத்துலதான் இருக்குது, மாத்தணும். இப்ப மரத்த என்னதான் பண்றது சொல்லுங்க? அப்பறம் ஒறம்பரைல ஒரு மாமா பெஞ்ச் கிரைண்டர் ஒண்ணு குடுக்கறேன்னு சொல்றாரு, உளி, கொடுவா தீட்டிக்கலாம்னு. வாங்கலாமுங்களா?

மரவேலைக்காரன் (உடுமலை):
மரத்துக்கு நான் சொல்றேன் தம்பி. மில்லுல மாட்டேன்னு சொன்னது மரத்துக்கு இல்ல, ஆணிக்குத்தான். பழைய ஸ்பீக்கர் ஒண்ண ஒடைச்சு காந்தத்த எடுத்து நூல்ல தொங்க விட்டு சட்டத்து மேல மெல்ல நகத்துங்க, ஆணி இருக்கற எடத்துல வெடுக்குன்னு இழுக்கும். சாக்பீஸ்ல வட்டம் போட்டு வெச்சுக்கங்க. தலை தெரியறத நகப்பார்ல புடுங்குங்க, தலை ஒடிஞ்சு உள்ள போனத சுத்தியும் மெல்லிசா உளில கொத்தி குறடுல புடிச்சு எடுங்க. எல்லாம் எடுத்துட்டு திரும்ப காந்தம் ஓட்டி மில்லுக்காரர் கண்ணு முன்னாடியே காட்டுங்க, நீளவாக்கு அறுப்பு அங்க அறுத்துக் குடுப்பாங்க, எழைக்கறதும் அங்கயே. குறுக்கு அறுப்பு மட்டும் ஊட்டுல கைரம்பத்துல பண்ணிக்கங்க, ஒரு பெஞ்சுக்கு எத்தன வெட்டு வரப் போகுது.

காட்டூர் லேத்:
அருமை. இதுதான் சரி.

பெஞ்ச் கிரைண்டர் வாங்குங்க, ஆனா கல்ல மாத்திருங்க. புதுக் கல்ல மாட்டறதுக்கு முன்னாடி ஓட்டைல வெரல வுட்டுத் தொங்க வெச்சு மரக்கைப்பிடில தட்டுங்க, கணீர்னு கேக்கோணும், பொத்துன்னு கேட்டா உள்ள கீறல், வேண்டாம். முன்னாடி இருக்கற தாங்கு பலகைக்கும் கல்லுக்கும் எடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல இருக்கக் கூடாது, கல்லு தேயத் தேய நகத்திக்கிட்டே வரோணும், இல்லைன்னா உளி உள்ள சொருகிக்கிட்டு கல்லு வெடிக்கும். மேல இருக்கற நாக்குத் தகடுக்கும் கல்லுக்கும் எடைவெளி 6 மில்லிமீட்டருக்கு மேல வேண்டாம். சுவிட்ச் போட்டுட்டு நேர் முன்னாடி நிக்காதீங்க, ஒதுங்கி நின்னு ஒரு நிமிசம் சும்மா ஓட வுடுங்க. கல்லோட சைடுல தீட்டக் கூடாது. அலுமினியத்த அதுல வெக்கவே வேண்டாம், கல்லு அடைச்சுக்கும்.

சிங்காநல்லூர் மோட்டார்:
சொல்லக் கூடாதுதான், இருந்தாலும். வெரலு துண்டாச்சுன்னா காயத்த சுத்தத் துணில அமுக்கிப் புடிச்சு கைய மேல தூக்கி வைங்க, துண்ட ஈரத் துணில சுத்தி பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டி அந்தக் கவர ஐஸ் தண்ணில வைங்க, நேரா ஐஸ்ல போடக் கூடாது, தண்ணிலயும் போடக் கூடாது. 108க்கு போன் பண்றப்பவே வெரல ஒட்டற வசதி இருக்கற ஆஸ்பத்திரின்னு கேளுங்க, கோயமுத்தூர்ல மேட்டுப்பாளையம் ரோட்டுல கங்கா ஆஸ்பத்திரி கை சர்ஜரிக்குப் பேரு போனது. அதனால தனியா இருக்கறப்ப மெஷின் ஓட்டாதீங்க, போன் சட்டைப் பைல இருக்கட்டும்.

தோட்டத்துச்சாளை (காங்கேயம்):
சரிங்ணா. பிளேட கடைல திருப்பிக் குடுக்கப் போனேன், எடுத்துக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க, அதுக்குப் பதிலா இன்னும் காசு போட்டு ஆர்சிசிபி வாங்கிட்டு வந்துட்டேன். காந்தத்துக்கு ஸ்பீக்கர் கெடைச்சிருச்சு, உக்கடத்துல பழைய சாமான் கடைல. ஒரு சட்டத்துல ஓட்டிப் பாத்தா வட்டம் வட்டமா சாக்பீஸ் போட்டு மாளல, அந்தக் காலத்துல அப்பாரு ஆணிக்குப் பஞ்சமே வெக்கலைங்க. ஆர்சிசிபிய மெயின்ல போடறதுங்களா, கட்டுத்தரைக்கு மட்டும் தனியாவா?

கரண்ட்டுக்காரன் (பெருந்துறை):
கட்டுத்தரைக்குத் தனி லைன் இழுத்து அதுல போடுங்க, மெயின்ல போட்டா கிரைண்டர்ல லீக் வந்தா ஊட்டு ஃபிரிட்ஜும் சேந்து நிக்கும். நியூட்ரலும் அந்த ஆர்சிசிபி வழியாத்தான் போகோணும், வேற லைன் நியூட்ரலோட சேத்துட்டா சும்மா சும்மா விழும். லைசென்ஸ் இருக்கற ஒயர்மேனக் கூப்புட்டுப் பண்ணுங்க, நீங்களே கை வெக்க வேண்டாம்.